வீட்டில் போட்ட எச்.ஐ.வி. கிட்டில் மங்கலாக ஒரு கோடு: பாசிட்டிவா, இல்லையா?

தூக்கம்_வரவில்லை

பெயர் சொல்லாமல் கேட்கலாம் என்பதால் இங்கே வந்தேன். வயது 27, திருப்பூரில் வேலை. ஏழு வாரத்துக்கு முன்னால் ஆணுறை இல்லாமல் ஒரு முறை உறவு. அன்றிலிருந்து மனசு சரியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சம், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் வேறு. அதனால் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்கும் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 15 நிமிடத்தில் பார்க்கவும், 20 நிமிடத்துக்கு மேல் பார்க்க வேண்டாம் என்று உள்ளே இருந்த தாளில் போட்டிருக்கிறது. 15 நிமிடத்தில் சி பக்கம் (கிட் வேலை செய்ததைக் காட்டும் இடம்) நல்ல கோடு, டி பக்கம் (தொற்று இருந்தால் கோடு விழும் இடம்) ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. கிட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தால் டி பக்கம் ஏதோ இருக்கிறது. அதைக் கோடு என்று சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. டியூப்லைட்டில் தெரியாது, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். படம் போட்டிருக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

நெறியாளர்

படத்தை எடுத்துவிட்டேன், நண்பர் மன்னிக்கவும். ஒருவருடைய பரிசோதனைப் படத்தை நடுவில் வைத்து ஆளாளுக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று ஓட்டுப் போடும் வேலை இங்கே வேண்டாம். கேள்வி நல்ல கேள்வி, இழை தொடரட்டும்.

வேகத்தடை

ப்ரோ, டென்ஷனே வேண்டாம். கோவிட் கிட்டில் எனக்கு இப்படித்தான் வந்தது. மங்கலாக வந்தால் நெகட்டிவ் என்று அர்த்தம். தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஆய்வகத்து_அண்ணாச்சி

வேகத்தடை, அன்பாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் இதை நம்பி இன்னொருவர் வீணாகப் போய்விடுவார். குறித்த நேரத்துக்குள் டி இடத்தில் கோடு தெரிந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது 'ரியாக்டிவ்'. அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கோவிட் கிட்டுக்கும் அதே விதிதான், உங்களுக்கு அன்றைக்குக் கோவிட் இருந்திருக்கலாம். தொற்று ஏற்பட்ட புதிதில் உடம்பில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் புரதம், கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் கோடு மங்கலாகத்தான் விழும்.

தம்பி விஷயம் வேறு. இவர் பார்த்தது ஒரு மணி நேரம் கழித்து. அந்தப் பட்டைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உள்ளே காகிதம் மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. சொட்டு ரத்தமும் கரைசலும் அதில் ஊறிக்கொண்டே போகும்போது, வழியில் காய்ந்து கிடக்கும் நிறத் துகள்களையும் அள்ளிக்கொண்டு போகும். பெரும்பாலும் அவை மிக நுண்ணிய தங்கத் துகள்கள், அதனால்தான் கோடு சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் விழுகிறது. டி இடத்தில் எச்.ஐ.வி. புரதத்தை ஒரு வரியாகப் பூசி வைத்திருப்பார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும், துகள்களும் கூடவே சேர்ந்து நிறம் தெரியும். இவ்வளவும் குறித்த நேரத்துக்குள் நடந்து முடிய வேண்டும். அதற்கு மேல் விட்டால் சவ்வு காயத் தொடங்கும், ஊறிப் போன கரைசல் திரும்பி வரும், பூசிய வரியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் நிற்கும். சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது என்று தம்பி சொல்வது கேட்பதற்கு அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் 'அப்படித்தான் இருக்கிறது' என்பதை வைத்து நெகட்டிவ் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். 15 நிமிடத்தில் ஒன்றும் இல்லை என்று 'தோன்றியது' என்கிறார். நல்ல வெளிச்சத்தில் பார்த்தாரா, அரைகுறையாகப் பார்த்தாரா? அதோடு ஏழு வாரம் என்பது இந்த மாதிரி கிட்டுக்குப் போதாத காலம். சுருக்கமாக, அந்தக் கிட் உங்களுக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை தம்பி. பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை.

தூக்கம்_வரவில்லை

நன்றி அண்ணாச்சி. வாங்கிய பெட்டியில் இரண்டு கிட் இருந்தது, இன்னொன்று மிச்சம் இருக்கிறது. இப்போதே அதைப் போட்டு, அலாரம் வைத்து 15 நிமிடத்தில் சரியாகப் பார்த்தால்? அதிலும் சந்தேகம் என்றால் இன்னும் இரண்டு வாங்கிப் பெரும்பான்மை பார்க்கலாம் என்று நினைத்தேன்.

ஆய்வகத்து_அண்ணாச்சி

பெரும்பான்மை பார்க்க இது பஞ்சாயத்துத் தேர்தல் கிடையாது. ஒரே கம்பெனி கிட்டை எத்தனை முறை போட்டாலும் அதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உங்கள் ரத்தத்தில் வேறு ஏதோ ஒரு ஆன்டிபாடி இருந்து அது இந்தக் கிட்டின் புரதத்தில் தப்பாக ஒட்டுகிறது என்று வையுங்கள், அடுத்ததிலும் அப்படியே ஒட்டும். அதனால்தான் அரசு மையங்களில் முதல் கிட் ரியாக்டிவ் என்று வந்தால் வேறு தயாரிப்பு, வேறு முறையில் வேலை செய்யும் இரண்டாவது, மூன்றாவது கிட்களிலும் பார்க்கிறார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். முதலாவது ரியாக்டிவ், மற்ற இரண்டும் இல்லை என்றால் நெகட்டிவ். இரண்டு ரியாக்டிவ், ஒன்று மட்டும் இல்லை என்று நின்றால் 'முடிவு செய்ய முடியவில்லை' என்று எழுதி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து வரச் சொல்வார்கள்.

இன்னொன்று, பல பேருக்குத் தெரியாத விஷயம். சி கோடு வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். பல கிட்களில் ரத்தமே சரியாக விழாமல் கரைசல் மட்டும் ஓடினாலும் சி கோடு வரும். பட்டை வேலை செய்தது என்றுதான் அது சொல்கிறது, நீங்கள் போதுமான ரத்தம் விட்டீர்களா என்று சொல்லாது. வலிக்குப் பயந்து மெல்லக் குத்தி, விரலைப் பிழிந்து பிழிந்து அரைச் சொட்டு விடுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

லண்டன்_குளிர்

நான் லண்டனில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கே தபாலில் இரண்டு விதமான பெட்டி வரும், எங்கள் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று, விரலில் குத்தி வீட்டிலேயே முடிவு பார்ப்பது. மற்றது, சின்னக் குழாயில் ரத்தம் நிரப்பித் தபாலில் திருப்பி அனுப்புவது, அதை ஆய்வுகூடத்தில் பார்த்து முடிவைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார்கள். எத்தனை நாளைக்குப் பிறகு நம்பலாம் என்பது இரண்டுக்கும் ஒன்றில்லை. வீட்டில் பார்க்கும் கிட்டுக்கு 90 நாள் கணக்கு. ஆய்வுகூடத்தில் நரம்பு ரத்தத்தில் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை ஆன்டிபாடியோடு வைரஸின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பதால், இங்கே 45 நாளிலேயே அதை முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். தம்பி, உங்களுக்கு ஏழு வாரம் என்றால் 49 நாள். வீட்டுக் கிட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அந்தப் பரிசோதனையைச் செய்தால் நிம்மதி கிடைக்கும்.

இழையை வாசிக்கும் இங்கிலாந்துத் தமிழருக்காக ஒரு வரி: விசா இல்லை, பதிவு இல்லை என்று பயந்து வீட்டுக் கிட்டோடு இருந்துவிடாதீர்கள். 2012 அக்டோபரில் இருந்து இங்கிலாந்தில் எச்.ஐ.வி. சிகிச்சை யாருக்கும் இலவசம், குடியுரிமை ஒரு தடை இல்லை. பாலியல் நலக் கிளினிக்கில் செய்த சோதனை உங்கள் ஒப்புதல் இல்லாமல் குடும்ப வைத்தியருக்குப் போகாது.

வேகத்தடை

அப்படியென்றால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஏதாவது ரத்ததான முகாமில் போய் ரத்தம் கொடுங்கள். அவர்களே எல்லா டெஸ்டும் எடுத்துவிடுவார்கள், ஏதாவது இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள். காசும் இல்லை, கூச்சமும் இல்லை.

மருதாணி

தயவு செய்து அந்தப் பதிவை யாரும் பின்பற்றாதீர்கள்!

ஆய்வகத்து_அண்ணாச்சி

இதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தொற்று புதிதாக இருக்கும் காலத்தில் ரத்த வங்கியின் சோதனையிலும் தப்பிவிடலாம், அப்போதுதான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாகவும் இருக்கும். அந்தப் பை யாருக்குப் போகும்? பிரசவத்தில் ரத்தம் இழந்த பெண்ணுக்கு, விபத்தில் அடிபட்டவருக்கு. 2018 கடைசியில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ள ரத்தம் ஏற்றப்பட்டதை நாடே பேசியது, ஞாபகம் இருக்கும். 'எனக்கு இருக்குமோ' என்ற சந்தேகம் வந்த நாளிலிருந்து, இல்லை என்று தெளிவாகும் வரை ரத்த தானம் பக்கமே போகக் கூடாது. கூச்சமாக இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் உயிரோடு விளையாட முடியாது.

வேகத்தடை

இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. என் பதிவை நீக்கிவிடலாம்.

நெறியாளர்

நீக்கவில்லை. பதிலோடு சேர்ந்தே இருக்கட்டும், இதே யோசனை மற்றவர்களுக்கும் வரும்.

மருதாணி

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மங்கல் கோடு என் வாழ்க்கையிலும் வந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வழக்கமாக எல்லா கர்ப்பிணிகளுக்கும் எடுக்கும் சோதனையில் முதல் கிட் ரியாக்டிவ். அதைச் சொன்ன விதம்தான் கொடுமை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இவங்களை அந்த ரூமுக்கு அனுப்புங்க, டெஸ்ட்ல வந்திருக்கு" என்றார் அங்கே இருந்த ஒருவர். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். என் மாமியார் பக்கத்திலேயே நிற்கிறார், கையில் என் செருப்பு, ஏனென்றால் எனக்குக் கால் வீங்கியிருந்தது. அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரத்தை என்னால் சொல்லி முடியாது.

உள்ளே இருந்த ஆலோசகர் அக்கா வேறு மாதிரி. கதவைச் சாத்திவிட்டு முதலில் உட்கார வைத்தார். "இது ஒரு கிட் சொன்னதுதான், இன்னும் இரண்டு இருக்கிறது" என்றார். மற்ற இரண்டிலும் இல்லை, நெகட்டிவ் என்றே அறிக்கை வந்தது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு இப்படித் தவறாகக் காட்டுவது உண்டாம், உடம்பே தன்னை எதிர்க்கும் நோய்கள் உள்ளவர்களுக்கும் வரலாமாம். அதனால் தம்பி, ஒரு கோட்டைப் பார்த்து உயிரை விடாதீர்கள். ஒரு கோடும் இல்லை என்று கொண்டாடவும் வேண்டாம்.

கணக்கு_வாத்தியார்

மருதாணி சொன்னது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம், கணக்கே அப்படித்தான் வரும். ஒரு கிட், தொற்று இல்லாத 1,000 பேரில் 998 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்கிறது என்று வைப்போம். பெட்டியில் '99.8 சதவீதம் துல்லியம்' என்று போட்டிருந்தால் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம் இல்லையா? இந்தியாவில் பெரியவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். 10,000 பேரை எடுத்தால் தொற்று உள்ளவர்கள் 20 பேர். மீதி 9,980 பேரில் ஆயிரத்துக்கு இருவர் என்று கிட் தவறினால் அதுவும் சுமார் 20 பேர். ஆக கோடு விழுந்த 40 பேரில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை! கிட் மோசம் என்று அர்த்தமில்லை, தேடுகிற பொருள் அவ்வளவு அரிது. அதே கிட்டை நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் தொற்று உள்ள ஒரு கூட்டத்தில் போட்டால், உண்மையானவர்கள் 1,000, தவறாகக் காட்டுவது 18 பேருக்குத்தான். அப்போது கோடு விழுந்தால் அநேகமாக நிஜம். உங்களுக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பது நீங்கள் எந்தச் சூழலில், யாரோடு, எப்படி என்பதைப் பொறுத்தது. அதைப் பட்டையால் சொல்ல முடியாது.

லண்டன்_குளிர்

எச்சில் கிட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஈறில் தடவிப் பார்க்கும் ஓராகுவிக்கை அமெரிக்காவில் 2012ல் வீட்டு உபயோகத்துக்கு அனுமதித்தபோதே வெளிப்படையாகச் சொன்ன கணக்கு: தொற்று இல்லாத 5,000 பேரில் ஒருவருக்குத்தான் தவறாக பாசிட்டிவ் காட்டும், ஆனால் தொற்று உள்ள 12 பேரில் ஒருவரைத் தவறவிடலாம். எச்சிலால் எச்.ஐ.வி. பரவும் என்று இதை வைத்து யாரும் கிளப்பிவிட வேண்டாம், அது அங்கே ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. அதைப் பார்ப்பது 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்துக்குள். மற்றக் கிட்டின் நேரத்தை இதற்குப் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். போடுவதற்கு முன் அரை மணி நேரமாவது சாப்பிடாமல், பல் விளக்காமல், வாய் கொப்பளிக்கும் மருந்து ஒன்றும் பாவிக்காமல் இருக்க வேண்டும்.

மாத்திரை_ஒன்பது_மணி

நான் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவன். எனக்குத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே ஏ.ஆர்.டி. மாத்திரை (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து) சாப்பிட்டு வந்தவர், 'குணமாகிவிட்டதா பார்ப்போம்' என்று எச்சில் கிட் வாங்கிப் போட்டார். நெகட்டிவ் காட்டியது. மாத்திரையை நிறுத்திவிட்டார். பல வருடம் மருந்தில் இருக்கிறவர்களுக்கு ஆன்டிபாடி குறைந்து கிட் ஏமாற்றிவிடும், வைரஸ் உள்ளேதான் இருக்கிறது. மருந்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கிட் இல்லவே இல்லை, வைரஸ் அளவுச் சோதனைதான் நமக்கு. அதே மாதிரி தொற்று வராமல் தடுக்கும் மாத்திரையில் இருப்பவர்களுக்கும் கோடு தாமதமாக வரலாம், மங்கலாக வரலாம். அவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே சோதனை எடுக்க வேண்டும்.

தம்பிக்கு: ஒருவேளை பாசிட்டிவ் என்றே வந்தாலும் என்ன? தினமும் ராத்திரி ஒரு மாத்திரை, ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே இருந்தால் உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. என் மனைவிக்கு இல்லை, மகளுக்கு இல்லை, மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. என்னைக் கேட்டால், தெரியாமல் இருந்த காலம்தான் என் உடம்பைக் கெடுத்தது.

தூக்கம்_வரவில்லை

இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது அண்ணா. சரி, போகிறேன். ஆனால் எங்கே? ஆதார் கேட்பார்களா? எங்கள் ஏரியா ஆஸ்பத்திரியில் என் நண்பனின் அக்கா நர்ஸ்.

ஆய்வகத்து_அண்ணாச்சி

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை இருக்கும், ஐ.சி.டி.சி. என்றும் சொல்வார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாவற்றிலும் உண்டு. உங்கள் ஊரில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பஸ் ஏறி ஈரோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போய்க்கொள்ளுங்கள். 1097 என்ற இலவச எண்ணில் கேட்டால் பக்கத்தில் உள்ள மையத்தைச் சொல்வார்கள். பெயர், வயது, போன் எண் கேட்பார்கள், ஆதார் காட்டினால்தான் சோதனை என்று விதி கிடையாது. முதலில் ஆலோசகர் பேசுவார், உங்கள் சம்மதம் வாங்குவார், பிறகு ரத்தம். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு. 2017ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதனை செய்வதும், முடிவை இன்னொருவரிடம் சொல்வதும் அதன்படி கூடாது. மருதாணிக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்கக் கூடாது, நடந்தால் புகார் கொடுக்கலாம்.

போகும்போது அந்தக் கிட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அதை யாரும் மதிக்க மாட்டார்கள். தேதியைச் சரியாகச் சொல்லுங்கள், அதுதான் அவர்களுக்கு வேண்டும். அப்படியே சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனையும் கேளுங்கள். உங்கள் கிட் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு_கேள்வி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேற்று முன்தினம் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. நானும் ஒரு கிட் வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா?

மாத்திரை_ஒன்பது_மணி

கிட்டை விடுங்கள், இப்போதே கிளம்புங்கள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் தொற்றைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலோ ஏ.ஆர்.டி. மையத்திலோ மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், மருந்து தேவையா என்று அவர் பார்ப்பார். அங்கே கிடைக்கவில்லை என்றால் தனியார் மருத்துவரிடம் இன்றைக்கே போங்கள். இரண்டு நாளில் கிட் என்ன காட்டினாலும் அது பழைய கதையைத்தான் சொல்லும், நேற்று முன்தினத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஒரு_கேள்வி

கிளம்பிவிட்டேன்.

தூக்கம்_வரவில்லை

போய்விட்டு வந்தேன். வேறு ஊரில்தான். ஆலோசகர் ஒரு அம்மா, என் வயதில் மகன் இருப்பார் போல, "சாப்பிட்டியாப்பா" என்றுதான் ஆரம்பித்தார். எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸும் இல்லை. லண்டன் அண்ணா சொன்னதைக் கேட்டு வெளியில் ஒரு லேபில் நான்காம் தலைமுறைச் சோதனையும் எடுத்தேன், அதிலும் இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்றார் அந்த அம்மா, போவேன். அதுவரை ஆணுறை, ரத்த தானம் கிடையாது. மிச்சமிருந்த கிட்டை என்ன செய்வது?

ஆய்வகத்து_அண்ணாச்சி

நல்லது தம்பி. கிட்டைத் தூக்கிப் போடுங்கள், வைத்திருந்தால் ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி கை அரிக்கும். குத்திய ஊசியை மட்டும் மூடி போட்ட கெட்டி டப்பாவில் போட்டுக் கொடுங்கள், குப்பை பிரிக்கிறவர் கையில் குத்தும்.

வெயில்_வண்டி

அண்ணாச்சி, எனக்கு வேறு மாதிரி. டி, சி இரண்டு பக்கமும் கோடே இல்லை, நடுவில் முழுக்க ரோஸ் கலரில் இழுவிக்கொண்டு நிற்கிறது. நெகட்டிவ்தானே?

ஆய்வகத்து_அண்ணாச்சி

இல்லை. சி கோடு இல்லாவிட்டால் செல்லாத சோதனை, அவ்வளவுதான். டி கோடு மட்டும் வந்திருந்தாலும் அதேதான். ரத்தம் அதிகமாகிவிட்டாலும், கரைசல் போதாவிட்டாலும், காலாவதியானாலும், சூட்டில் கெட்டாலும் இப்படி வரும். பொதுவாக 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்வார்கள். கிட்டை எங்கே வைத்திருந்தீர்கள்?

வெயில்_வண்டி

டெலிவரி வேலை அண்ணாச்சி. வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு வாரமாக வண்டி சீட்டுக்கு அடியில்தான்.

ஆய்வகத்து_அண்ணாச்சி

மே மாத வெயிலில் சீட்டுக்கு அடியில்! இன்னொன்று வாங்கினாலும் அங்கேதான் வைப்பீர்கள். நாளைக் காலையில் முதல் ஆர்டர் எடுப்பதற்கு முன்னால் நம்பிக்கை மையத்துக்கு வண்டியை விடுங்கள்.